கை நடுங்கியவர் தந்த தைரியம்

ஜெயித்துக்கொண்டே இருந்தவர்தான் நல்ல பயிற்சியாளர் ஆக முடியும் என்று நினைக்கிறீர்களா? அப்படியென்றால் பிரான்ஸின் அமேலி மொரெஸ்மோவின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

விம்பிள்டன் ஜெயித்தவர், உலகின் நம்பர் ஒன்னாக இருந்தவர். ஆனால் பல வருடங்கள் டென்னிஸ் உலகம் அவரைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பிரமாதமாக ஆடுவார், ஆனால் முக்கியமான நேரத்தில் கை நடுங்கிவிடும்!"

1983-ல் யானிக் நோவா பிரெஞ்சு ஓபனை வென்றபோது மொரெஸ்மோவுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. டிவியில் அதைப் பார்த்த குழந்தைக்கு அன்றே டென்னிஸ் ஆசை பிடித்துக்கொண்டது. 1996-ல் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் இரண்டிலும் ஜூனியர் பட்டம். 1999 ஆஸ்திரேலிய ஓபனில் தரவரிசை பெறாத 19 வயதுப் பெண்ணாக நுழைந்து, அரையிறுதியில் அப்போதைய நம்பர் ஒன் லிண்ட்சே டேவன்போர்ட்டையே சாய்த்தார். இறுதியில் மார்ட்டினா ஹிங்கிஸிடம் தோல்வி. ஆனால் அந்த இரண்டு வாரங்களில் அவர் ஆட்டத்தை விட அதிகம் பேசப்பட்டது அவருடைய அகலமான தோள்களும், தன் துணை ஒரு பெண்தான் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னதும்தான்! அந்த வயதில் அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்? அவரைத்தான் பயந்தாங்கொள்ளி என்றார்கள்.

2004 செப்டம்பரில் நம்பர் ஒன் ஆனார். "கிராண்ட்ஸ்லாம் ஒன்றுகூட இல்லாமல் நம்பர் ஒன்னா?" என்று கேட்டார்கள். 2006 ஆஸ்திரேலிய ஓபனை வென்றார். இறுதியில் ஜஸ்டின் ஹெனின் வயிற்று வலியால் பாதியில் விலகியதால், அதையும் முழு வெற்றி என்று ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வரவில்லை. அதே வருடம் ஜூலையில் விம்பிள்டன் இறுதி. எதிரே அதே ஹெனின். முதல் செட் 2-6 என்று போனது. "ஆரம்பிச்சுட்டாங்கய்யா!" என்று நினைத்தவர்கள் பலர். அடுத்த இரண்டு செட்டும் 6-3, 6-4. 1925-ல் சூசன் லெங்லென் வென்ற பிறகு பிரெஞ்சுப் பெண் ஒருவர் விம்பிள்டன் கோப்பையைத் தொட்டது அன்றுதான். ஆனாலும் சொந்த மண்ணில், பிரெஞ்சு ஓபனில், கடைசி வரை காலிறுதியைத் தாண்டவே இல்லை. 25 ஒற்றையர் பட்டங்களோடு 2009-ல் ஓய்வு பெற்றார்.

சுவாரஸ்யமே அதற்குப் பிறகுதான். 2013-ல் அப்பாவின் பயிற்சியிலிருந்து விலகியிருந்த மரியன் பர்த்தோலி, மொரெஸ்மோவின் துணையோடு விம்பிள்டன் போனார். ஒரு செட்கூட இழக்காமல் கோப்பையோடு திரும்பினார்.

2014 ஜூனில் ஆண்டி மர்ரே அவரைப் பயிற்சியாளராக அழைத்தார். ஆண்கள் டென்னிஸின் உச்சியில் இருக்கும் ஒருவருக்கு ஒரு பெண் பயிற்சியாளரா என்று பலரும் புருவம் உயர்த்தினார்கள். அந்த நவம்பரில் லண்டனில் ஃபெடரரிடம் மர்ரே 6-0, 6-1 என்று நொறுங்கியபோது பழி யார் மேல் விழுந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? முன்பு தான் தோற்றபோதெல்லாம் யாரும் பயிற்சியாளரைத் திட்டியதில்லையே என்று மர்ரேவே எழுதினார். பெண்ணை ஆணுக்குச் சமமாக நடத்தப் போராடுவதுதான் பெண்ணியம் என்றால், தானும் பெண்ணியவாதிதான் என்றார்.

அந்த இரண்டு வருடங்களுக்குப் பற்று வரவு எழுதினால், பற்றில் கிராண்ட்ஸ்லாம் பட்டம் எதுவும் கிடைக்காததும், ஜோகோவிச்சிடம் தோற்ற இரண்டு ஆஸ்திரேலிய ஓபன் இறுதிகளும் வரும். வரவில், அதுவரை களிமண் தரையில் பட்டமே வெல்லாத மர்ரே 2015-ல் மியூனிக்கில் வென்றதும், மாட்ரிட் இறுதியில் நடாலையே வீழ்த்தியதும், அந்த வருடத்தை உலகின் இரண்டாம் இடத்தில் முடித்ததும் வரும். 2016 மே மாதம் இருவரும் பிரிந்தார்கள்.

2018-ல் பிரான்ஸின் டேவிஸ் கோப்பை அணிக்கு முதல் பெண் கேப்டனாக அறிவிக்கப்பட்டார். அந்தப் பெருமையை விட்டுவிட்டு, நம்பிக்கை இழந்து தவித்த லூகாஸ் பூயிக்குப் பயிற்சி தரப் போனார்! ஆஸ்திரேலிய ஓபனில் அதுவரை ஐந்து முறை ஆடி ஒரு சுற்றுகூட ஜெயிக்காத பூயி, 2019-ல் அரையிறுதி வரை போனார்.

அவர் தவறே செய்யாதவர் அல்ல. பிரெஞ்சு ஓபனின் இயக்குநரான முதல் பெண் அவர். அந்த முதல் வருடமான 2022-ல், பத்து இரவு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் பெண்களுக்குக் கிடைத்தது. ஆண்கள் ஆட்டத்துக்குத்தான் ஈர்ப்பு அதிகம் என்று விளக்கம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டு, பிறகு வருத்தம் தெரிவித்தார். அந்த வார்த்தைகள் அவர் வாயிலிருந்தே வந்ததுதான் பலருக்கும் வலித்தது.

ஆனால் பயிற்சியாளர் மொரெஸ்மோவைப் பார்த்தால் ஒன்று புரியும். பந்தை எப்படி அடிப்பது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் உண்டு. ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை நடுங்கினால் என்ன செய்வது என்று, நடுங்கிப் பார்த்தவருக்குத்தானே தெரியும்?