பன்னிரண்டு வயதும் பாற்கடலும்

அங்கோர் வாட் கோயிலின் உச்சித் தளத்துக்குப் பக்கான் என்று பெயர். ஏறும் படிகள் செங்குத்தானவை; 12 வயது நிறையாத பிள்ளைகளை அங்கே விடுவதில்லை. அதே வயதுக்குள் இருந்தால் கோயில் வளாகத்துக்குள் நுழையச் சீட்டு வேண்டாம், பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். பெரியவர்களுக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. விமானத்திலும் 12 நிறையும் வரைதான் குழந்தைக் கட்டணம். அதனால் நம் வீடுகளில், “பன்னிரண்டு ஆகறதுக்குள்ள ஒரு ஃபாரின் டூர் கூட்டிட்டுப் போயிடணும்” என்று பேச்சு எழுகிறது.

எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடில்லை. மகளுக்குப் பன்னிரண்டு முடிந்த பிறகே, முழுக் கட்டணம் கட்டி, கம்போடியா போகும் குழுவில் சேர்ந்தோம்.

குழுப் பயணத்தில் நேரம் நம் கையில் இல்லை. சூரிய உதயம் பார்க்க விடியுமுன்பே வேனில் ஏறியாக வேண்டும். பிறகு வெயில், கல் தரை, நீண்ட நடை. எங்களோடு வந்த ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் பத்து மணிக்கெல்லாம் துவண்டுவிட்டார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு நிழலில் ஒதுங்கியது எப்போதும் அம்மாக்கள்தான். அவ்வளவு செலவு செய்து வந்த பெண்கள் கோயிலைப் பாதிகூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

கிழக்குச் சுற்று மண்டபத்தில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி செதுக்கியிருக்கிறார்கள். இரண்டாம் சூர்யவர்மன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயில் இது. நடுவில் திருமால், கீழே ஆமை. உருட்டி விழித்த கண்களோடு அசுரர் வரிசை ஒருபுறம், கூம்பிய கிரீடத்தோடு தேவர் வரிசை மறுபுறம். மகள் வாசுகியின் உடலைத் தொடர்ந்தபடியே கடைசிவரை நடந்துபோய், “அம்மா, இங்க பாரேன்! வாலை ஒரு குரங்கு புடிச்சிட்டிருக்கு. பாட்டி சொன்ன கதையில குரங்கே வரலையே?” என்றாள். என்னிடம் கேட்டதோடு நிற்கவில்லை. வழிகாட்டியிடமே போய்க் கேட்டாள். அனுமன் என்பாரும் உண்டு, சுக்ரீவன் என்பாரும் உண்டு என்றார் அவர். அசுரர் பக்கம் பல தலைகளோடு நிற்பவன் இராவணனா என்று உடனே அடுத்த கேள்வி.

அந்நியரிடம் தானாகப் போய்க் கேள்வி கேட்கும் பிள்ளை, கால் வலிக்கிறது, பாத்ரூம் போகணும் என்பதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடும். குழுவோடு அனுப்ப அந்தத் தெளிவு வந்தாக வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது ஒன்பதிலேயே வரும். சிலருக்குப் பதினாலு ஆகலாம்.

ஆனால் ஒரே நாட்டிலேயே எல்லா இடத்துக்கும் ஒரே வயது பொருந்தாது. நோம் பென் நகரின் துவோல் ஸ்லெங், பள்ளிக்கூடமாக இருந்து, கெமர் ரூஜ் ஆட்சியில் சித்திரவதைச் சிறையானது. அடைக்கப்பட்டவர்களின் புகைப்படங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. குழந்தைகளின் முகங்களும் உண்டு. பயணத் திட்டத்தில் இது ஒற்றை வரியாகத்தான் வருகிறது. மகளை வெளியே அமரவைத்து, நானும் கணவரும் மாறி மாறி உள்ளே போய்வந்தோம். பன்னிரண்டு வயது அதற்குப் போதாது.

பணம் கட்டுமுன் பயணத் திட்டத்தை வரி வரியாகப் படியுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் வயது வரம்பு உண்டா என்று டூர்க்காரரிடம் கேளுங்கள். அங்கோர் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயேதான் இருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் பொறுத்துப் போகலாம்.