இரண்டு குளம், ஒரு மடை

இரட்டைப் பிள்ளை என்றதும் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கவே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ரெட்டை வாழைப்பழம் தின்னாளா?" சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஆனால் வயிற்றுக்குள்ளேயே ஒரு பிள்ளை இறந்து, பிழைத்த பிள்ளைக்கு ஒரு வயதாகியும் கழுத்து நிற்கவில்லை என்றால் கேள்வி மாறிவிடும். கிரகணத்தன்று வெளியே வந்தாளா, குடம் தூக்கினாளா... எல்லாப் பழியும் அந்தத் தாய் தலையில்தான்!

உண்மையில் நடப்பது வேறு. ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து உருவாகும் இரட்டையரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு நஞ்சுக்கொடி ஒன்றுதான். அதற்குள் இருவரின் ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். கடனாநதிக் கால்வாயில் அடுத்தடுத்து இரண்டு குளங்கள், நடுவே திறந்த மடை என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு குளத்தின் கரை உடைந்தால் மற்றதின் தண்ணீரும் அந்தப் பக்கம்தானே பாயும்? அதேபோல ஒரு சிசுவின் இதயம் நின்றதும் அங்கே ரத்த அழுத்தம் விழுந்துவிடும். உயிரோடிருக்கும் சிசுவின் ரத்தம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். மூளைக்குப் போகிற ரத்தமும் பிராணவாயுவும் குறைந்து போகும். சேதம் அப்போதே நடந்துவிடுகிறது.

இறந்த சிசுவிடமிருந்து ரத்தக் கட்டிகள் வந்து மூளையை அடைக்கின்றன என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். பிழைத்த சிசுவுக்கு உடனேயே ரத்தசோகை இருப்பதைப் பரிசோதனைகளில் பார்த்த பிறகு, ரத்தம் சாய்வதுதான் முக்கியக் காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது.

2011ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிரிட்டன் மருத்துவர்களின் கணக்கு இது. 14 வாரத்துக்குப் பிறகு ஒரு சிசு இறந்தால், ஒரே நஞ்சுக்கொடி உள்ளவர்களில் மற்றதும் இறப்பது 100க்கு 15; தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் 3. பிழைத்தவர்களில் மூளை, நரம்பு வளர்ச்சிக் குறைபாடு 26. தனித்தனி என்றால் வெறும் 2! வாழைப்பழமும் கிரகணமும் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. இன்னொன்றும் உண்டு. 26 போக மீதி 74 பேருக்கு அந்தக் குறைபாடு இல்லை. எல்விஸ் பிரெஸ்லிகூட 1935ல் இறந்தே பிறந்த ஒரு சகோதரனின் இரட்டைதான்.

ஆகவே இரட்டை என்று தெரிந்ததும் கேட்க வேண்டிய கேள்வி, "நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?" 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இது தெளிவாகத் தெரியும். பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்பதுதான் சட்டப்படி குற்றம், இதைக் கேட்பது குற்றமில்லை. ஒரே நஞ்சுக்கொடி என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்ப்பது வழக்கம். ஒரு சிசு இறந்துவிட்டால் "உடனே ஆபரேஷன் செய்து மற்றதையாவது எடுங்கள்" என்று குடும்பம் பதறும். பதறாமல் என்ன செய்வார்கள்? ஆனால் சேதம் முன்பே நடந்து முடிந்திருக்கும். அவசரமாக எடுத்தால் குறைப்பிரசவத்தின் ஆபத்தும் சேரும். அதனால் பெரும்பாலும் காத்திருந்து, மூன்று நான்கு வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்து மூளையைப் பார்க்கிறார்கள்.

குறைபாடு இருப்பது தெரிந்தால் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். ஆழ்வார்குறிச்சியிலிருந்து கடையம், தென்காசி வழியாக ஆய்க்குடிக்குப் போனால் அமர் சேவா சங்கம் இருக்கிறது. முதுகுத்தண்டில் அடிபட்டு உடல் செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981ல் தொடங்கியது. பின்னர் அவரோடு சேர்ந்த எஸ்.சங்கரராமன் ஒரு ஆடிட்டர். தசைச்சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில்தான். (பி.காம். படிக்கிறவர்கள் கவனிக்க!) வளர்ச்சி தாமதமான கைக்குழந்தைகளுக்கு அங்கே பயிற்சி தருகிறார்கள். செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு. அதற்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும்.