குள்ளஞ்சாவடி: ஒரு முந்திரிக்காட்டு ஊர்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் பெருஞ்சாலையில், குறிஞ்சிப்பாடியை எட்டுவதற்குச் சற்று முன்னதாக, பேருந்துகள் சில நிமிஷங்கள் நின்று, இறங்குவோரை இறக்கி ஏறுவோரை ஏற்றிக்கொண்டு, நெய்வேலியை நோக்கி விரைந்து போய்விடுகிற கடைத்தெரு ஒன்று உண்டு. பிரயாணிகளில் பெரும்பாலோருக்குக் குள்ளஞ்சாவடி என்பது அந்தச் சில நிமிஷங்கள்தாம். தேநீர்க் கடைகளும் போலீஸ் நிலையமும் கண்ணில் பட்டு மறைவதோடு சரி. 1993இல் தென்னாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது கடலூர்ப் பகுதியோடு நின்று, இன்று குறிஞ்சிப்பாடி வட்டத்தில் அடங்கியிருக்கிறது என்பதற்கு மேல் இதன் நிர்வாக சரித்திரத்தை விஸ்தரிப்பதில் பிரயோஜனம் இல்லை. பக்கத்து வேங்கடாம்பேட்டையில், வேணுகோபால சுவாமி ஆலயத்தில், ஸ்ரீராமபிரான் சயனக் கோலத்தில் எழுந்தருளியிருக்கும் அபூர்வத்தைத் தரிசிக்க வருகிறவர்கள் இவ்வூர் வழியாகப் போவதுண்டு. ஆனால் சாலையை விட்டு இறங்கி உள்ளே நடந்து, வீட்டுத் தாழ்வாரங்களிலும் தோட்டத்து நிழல்களிலும் பல தலைமுறைகளாக நடந்துவந்திருக்கும் ஒரு பெரும் வித்தையைப் பார்த்தவர்கள் சிலரே.

அந்த வித்தைக்கு மூலம் இந்த மண். ஊருக்கு வடக்கேயும் மேற்கேயும் பண்ருட்டி, நெய்வேலி வரையில் செம்மண் மேட்டுநிலம் பரந்து கிடக்கிறது. தெற்கே பரவனாற்றையும் பெருமாள் ஏரியையும் நம்பிய நெற்கழனிகள் இருக்கின்றன. மேட்டில் இரண்டு காணி கொல்லையும் பள்ளத்தில் அரைக் காணி கழனியும் உடைய ஒரு சாதாரணக் குடியானவன் வீட்டில், நெல்லும் கம்பும் கேழ்வரகும் துவரையும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் முந்திரியும் பலாவும் ஒரே கூரைக்கு அடியில் வந்து சேர்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறி, பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. அவ்வளவு தூரம் போன பண்டத்தில் விதைக்கென்று நிறுத்திக்கொள்ள வேண்டிய பங்கு எது, காய்ச்சல் போதுமா, குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்புச் சப்தம் சரியாகக் கேட்கிறதா என்று தீர்மானம் செய்தவள் வீட்டுப் பெண்மணியே.

முந்திரியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பிரேசில் தேசத்திலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்த இந்த மரம், வேறெதுவும் எளிதில் பிழைக்காத வறண்ட மேடுகளில் வேரூன்றி, இப்பகுதி ஜனங்களின் ஜீவாதாரமே ஆகிவிட்டது. தை, மாசியில் பூக்கும். பூ விரியும் வேளையில் தேயிலைக் கொசு விழுந்துவிட்டால் கொத்துக் கொத்தாகக் கருகும். பங்குனி பிறந்ததும் பழம் விழ ஆரம்பிக்கும். பழுத்துத் தானே விழுந்த கொட்டைதான் முற்றிய கொட்டை என்பதால், பருவம் தொடங்குமுன்பே மரத்தடியைச் சருகு இல்லாமல் கூட்டி வைப்பார்கள். கூட்டிய சருகு அடுப்புக்கு ஆகும். விடியற்காலையில் குடும்பம் முழுவதும் காட்டுக்குப் போய், விழுந்த பழத்தைப் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, பழத்தை ஆடு மாடுகளுக்கு விட்டு, நல்லதாகச் சிலவற்றை மாத்திரம் குழந்தைகளுக்கு உப்புத் தொட்டுத் தின்னக் கொண்டுவருவார்கள். இன்னும் முற்றாத பச்சைக் கொட்டையைக் கத்தியால் பிளந்து, பால் கையில் படாமல் பருப்பை நெம்பி எடுத்து வைக்கும் குழம்பை, முந்திரிக்காட்டு வீடுகளுக்கு வெளியே பக்குவமாகச் செய்யத் தெரிந்தவர்கள் அபூர்வம்.

கொட்டையை உடைப்பது தனிப் பிரயாசை. அகன்ற இரும்புச் சட்டியில் வறுக்கும்போது ஓட்டின் எண்ணெய் கசிந்து குப்பென்று தீப்பற்றும். எந்தக் கணத்தில் சட்டியைக் கவிழ்த்து மண்ணும் சாம்பலும் தூவி அணைக்க வேண்டும் என்பதைப் புகையின் நிறத்தைக் கொண்டே அறிய வேண்டும். ஒரு கணம் முந்தினால் ஓடு விடாது. ஒரு கணம் பிந்தினால் பருப்புக் கருகும். பிறகு கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, சிறு கட்டையால் விளிம்பில் ஒரே தட்டுத் தட்டி, பருப்பு முழுதாக வெளிவரும்படி உடைப்பார்கள். இந்தச் சாமர்த்தியத்தைப் புகழ்கிற நான், அந்த எண்ணெய் பட்டுக் கறுத்து வெடித்துப் போன விரல்களையும் பார்த்திருக்கிறேன் என்பதால், அந்தப் புண் மறுபடியும் எந்தப் பெண்ணின் கைக்கும் வரவேண்டும் என்று ஒருபோதும் விரும்பவில்லை. கொட்டையை ஆவியில் வேகவைத்து, இயந்திரத்தில் கையாலும் காலாலும் வெட்டுகிற இக்கால முறை ஒரு பெரிய நன்மை. காக்க வேண்டியது புண்ணையல்ல. முற்றியது எது முற்றாதது எது, எந்த மரத்துக் கொட்டையை விதைக்கு வைக்கலாம் என்கிற அறிவை.

இனி வடகம். பங்குனி வெயில் ஏறியதும் சின்ன வெங்காயத்தைக் கூடை கூடையாக வாங்கித் தோலுரித்து நறுக்கி, பூண்டை நசுக்கிப் போட்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து, ஓர் இரவு பானையில் மூடி வைப்பார்கள். மறுநாள் காலையில் பிழிந்து உருட்டி வெயிலில் காயவைத்து, சாயங்காலம் அந்த உருண்டைகளை உதிர்த்து, பிழிந்த சாற்றிலேயே மீண்டும் ஊறப்போட்டு, மறுநாள் மறுபடியும் உருட்டிக் காயவைத்து, சாறெல்லாம் வற்றுகிற வரையில் இவ்வாறு செய்து, கடைசியில் விளக்கெண்ணெய் தடவிப் பானையில் அடைத்துவிட்டால், அடுத்த கோடை வரையில் கெடாது. மழைக்காலத்தில் கீரையோ குழம்போ தாளிக்கையில் அதில் ஒரு சிட்டிகை உதிர்த்துப் போட்டால் தெருக்கோடி வரை மணக்கும். இதைச் செய்யும் திண்ணையில் ஆயா ஒருத்தி நடுவில் அமர்ந்திருப்பாள். மருமகள்களும் பேத்திகளும் சுற்றி அமர்ந்திருப்பார்கள். “காஞ்சிருச்சா ஆயா?” என்று பேத்தி கேட்டால், “கண்ணால பாத்துச் சொல்லாத பாப்பா, உருட்டிப் பாரு, கையில ஒட்டாம உருளணும்” என்பதோடு போதனை முடிந்துவிடும். மற்றதெல்லாம் அந்தப் பேத்தியின் உள்ளங்கையே கற்றுக்கொள்ள வேண்டியது.

துவரைக்கு ஒரு கிரமம் உண்டு. துவரையைத் தண்ணீரில் ஊறவைத்து, இம்மண்ணையே குழைத்துப் பூசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மண்ணை உதிர்த்து எந்திரம் என்கிற கல் திருகையில் இட்டு உடைத்தால், தோல் தானே கழன்று பருப்பு இரண்டாகப் பிளக்கும். அந்தப் பருப்பின் ருசியை அறிந்தவர்கள் கடைப் பருப்பைப் பற்றிப் பேச மாட்டார்கள். உடைத்ததைப் புடைக்க வேண்டும், கொழிக்க வேண்டும், நாவ வேண்டும், தெள்ள வேண்டும். முறம் ஒன்றே; உமி போக்கவும், குருணை பிரிக்கவும், கல் விலக்கவும், தவிடு ஒதுக்கவும் மணிக்கட்டின் அசைவு மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. பத்து வயதுச் சிறுமி இவற்றில் முதலாவதைக் கற்பாள். கடைசியானது கைவர அவளுக்குக் கல்யாண வயது ஆகிவிடும்.

விதை வைப்பதோ இவை எல்லாவற்றிலும் நுட்பமானது. கத்தரி விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டிக் காயவைப்பார்கள். வெள்ளரி, பூசணி விதைகளைச் சாணத்தோடு சேர்த்துச் சுவரில் அப்பி வைப்பார்கள். நல்ல சோளக் கதிர்களை அடுப்புக்கு மேல் புகை படும்படி கட்டித் தொங்கவிடுவார்கள். பயறு வைக்கும் பானையில் வேப்பிலையும் நொச்சியும் போட்டு வாயை மண்ணால் மெழுகுவார்கள். பக்கத்துப் பாலூரிலும் விருத்தாசலத்திலும் அரசாங்க ஆராய்ச்சி நிலையங்கள் கத்தரியிலும் பலாவிலும் முந்திரியிலும் மல்லாட்டையிலும் உயர்ந்த ரகங்களைக் கண்டுபிடித்துத் தந்திருப்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஆயினும் அந்த ஆராய்ச்சிகளுக்கு முன்பிருந்தே இந்த அடுக்களைகளில் நடந்துவந்த தேர்வு சாமான்யமானதன்று.

இதே வட்டத்து வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. பார்வதிபுரம் ஜனங்கள் மனமுவந்து எழுதிக் கொடுத்த 80 காணி நிலத்தில் அந்தத் தருமசாலை எழுந்தது. சுற்றுப்புற கிராமங்களின் விளைச்சல் அங்கே போய் அன்னமாயிற்று. வீட்டில் அரிசியும் காயும் மிஞ்சும்படி நிர்வகிக்கத் தெரிந்த பெண்கள் இப்பிரதேசத்தில் இருந்ததால்தான் அந்த தர்மம் தழைத்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

நெய்வேலியைப் பற்றிச் சொல்லாமல் இவ்வூரைப் பற்றிச் சொல்ல இயலாது. 1935இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் துளையிட்டபோது தண்ணீரோடு கரிய பொருள் வந்தது. 1956இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே மாதத்தில் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிவந்தது. அதனால் எத்தனையோ குடும்பங்களில் மாதச் சம்பளமும் பிள்ளைகளின் படிப்பும் வந்தன. அதை மறுப்பது நியாயமல்ல. ஆனால் கரிக்கு அடியிலிருக்கும் நீரின் அழுத்தத்தைக் குறைக்க இரவு பகலாக இறைத்தாக வேண்டும் என்பதும், மோட்டார் இல்லாமலே சில துளைகளில் தண்ணீர் பொங்கிவந்த பூமியில் கிணறுகள் கீழே கீழே போயின என்பதும் அதே கதையின் மறுபாதி. சுரங்க நீர் பரவனாற்றில் விடப்பட்டுக் கழனிகளுக்குப் பாய்கிறது. அதனோடு வந்த மண்ணும் சாம்பலும் பெருமாள் ஏரியைத் தூர்த்தும் வருகின்றன. சம்பளம் வாங்குகிற வீட்டில் துவரைக்கு மண் பூசுவானேன் என்கிற எண்ணமும் அந்நாள்களில்தான் மெல்ல முளைத்தது.

2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியலில் வந்த தானே புயல், பாட்டன்மார் வைத்த முந்திரியையும் பலாவையும் ஒரே வீச்சில் வேரோடு சாய்த்தது. ஒட்டுக்கன்றுகள் கொடுக்கப்பட்டன, பலர் நட்டார்கள். நடுவதற்கு மனமில்லாதவர்கள் சவுக்கு வைத்தார்கள், தைல மரம் வைத்தார்கள். சவுக்கந்தோப்பில் பொறுக்குவதற்குப் பழம் இல்லை. ஆகவே விடியற்காலையில் குழந்தைகள் அங்கே போவதில்லை.

இன்றைய நிலைமையைச் சொல்ல வந்தால் மனம் பொறுக்கவில்லை. இப்பகுதி முந்திரி ஆலைகள் ஆப்பிரிக்கக் கொட்டையைக் கப்பலில் வரவழைத்து உடைக்கின்றன; பக்கத்துக் காட்டுக் கொட்டைக்கு விலை கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். சாலையோரத்துக் கொல்லைகளில் மஞ்சள் கல் நட்டு மனைப்பிரிவு என்று பலகை வைக்கிறார்கள். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, நெல் நின்ற வயலில் சுரங்க நிறுவனத்தார் மண்வெட்டும் இயந்திரங்களை இறக்கினார்கள். நிலம் முன்பே எடுக்கப்பட்டது, பணம் கொடுக்கப்பட்டது என்றெல்லாம் நியாயம் சொன்னார்கள். அறுவடை வரை பொறுக்க முடியாத அவசரம் என்ன என்று கேட்ட சம்சாரிக்கு மனம் ஆறும்படியான பதில் கிடைக்கவில்லை. பயிரின்மேல் வண்டி ஓட்டுவதைப் பார்த்து வளர்கிற பிள்ளையிடம் விதைப் பானையின் அருமையை எந்த முகத்தோடு சொல்வது?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுரங்கம் பார்க்க அழைத்துப் போகிறார்கள், நல்லது. தெருக்கோடியில் எந்திரம் வைத்திருக்கும் கிழவியிடம் ஒரு நாளாவது அழைத்துப் போனால் என்ன குறைந்துவிடும்? மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கடன் கொடுக்கிறார்கள். வடகம் காயவைக்க, மல்லாட்டை உலர்த்த ஒரு பொதுக் களம் கேட்டால் இடமில்லை என்கிறார்கள். களமில்லாமல் தார்ச்சாலையில் பரப்பினால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அதட்டுகிறார்கள். விவசாயப் பயிற்சி என்று விருத்தாசலத்துக்கு வரச் சொல்கிறார்கள். ஒரு நாள் கூலியை இழந்து எந்தப் பெண் போவாள்? அந்தப் பயிற்சியைச் சித்திரை மாதத்தில் இவ்வூர்த் திண்ணையில் நடத்தி, கற்பிக்கிற ஆயாவுக்கு ஒரு நாள் சம்பளமும் கொடுத்தால் பொக்கிஷம் காலியாகிவிடாது. அந்த ஆயாக்கள் எல்லோரும் எண்பதைக் கடந்தவர்கள். பெருமாள் ஏரியைத் தூர் வார இன்னும் பத்து வருஷம் ஆனாலும் ஏரி அங்கேயே இருக்கும். இவர்கள் இருக்க மாட்டார்கள்.