செப்புப் பாய்லருக்குப் பிறகு

டிசம்பர் 16

மார்கழி பிறந்ததும் தோணிரேவில் வெந்நீரின் மதிப்பு கூடிவிடுகிறது. பழவேற்காடு ஏரியில் பாடு வழக்கப்படி அன்று வலை போடும் முறை வந்தவர்கள் இராத்திரியெல்லாம் இறால் வலை பார்த்துவிட்டு, ஈர உடம்போடு விடியலில் கரையேறுகிறார்கள். வாடைக்காற்று அடிக்கும் அந்த நேரத்தில் ஒரு வாளிச் சுடுதண்ணீர் செய்யும் உதவியை வேறு எதுவும் செய்யாது. எங்கள் வீட்டில் அது அம்மாவுக்கு வேண்டும். எண்பது வயதைத் தாண்டியவர், முட்டி வலி.

கொல்லையில் நிற்கும் செப்புப் பாய்லர் அப்பா வாங்கியது. நடுவில் நெருப்புக் குழல், அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் சாம்பல் தட்டு, மேலே புகைபோக்கி, பக்கத்தில் பித்தளைக் குழாய். சவுக்கு மிலாறும் தென்னை மட்டையும் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். இப்போது நெருப்புக் குழலின் அடிப்பற்று விட்டுப்போய், சொட்டும் தண்ணீர் நெருப்பையே அணைக்கிறது. பற்று வைத்து, உள்ளே ஈயம் பூசித் தருகிறவர்கள் முன்பு தெருத் தெருவாக வருவார்கள். இப்போது யாரும் வருவதில்லை. அம்மா குனிந்து புகையில் ஊதுவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. மாற்றிவிட வேண்டியதுதான்.

டிசம்பர் 18

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் அக்கா மகன் பேசினான். அவன் வீட்டிலும் பழைய பாய்லரை எடுத்துவிட்டு ‘காம்பி’ பொருத்தியிருக்கிறார்கள். “மாமா, மச்சில இருந்த தண்ணித் தொட்டியும் இல்ல, அலமாரிக்குள்ள நின்ன வெந்நீர் சிலிண்டரும் இல்ல. சுவத்துல ஒரே ஒரு பெட்டி” என்றான்.

அந்த ஒரே பெட்டி இரண்டு வேலை செய்கிறது. குளிர்காலத்தில் அறைகளில் உள்ள ரேடியேட்டர்களுக்கு வெந்நீரைச் சுழலவிடும். யாராவது குழாயைத் திறந்தால், உள்ளே இருக்கும் திசைமாற்று வால்வு அந்த வெப்பத்தைத் தகட்டு வெப்பமாற்றியின் பக்கம் திருப்பிவிடும். தெருக்குழாயிலிருந்து வரும் தண்ணீர் அதன் வழியே ஓடும்போதே சூடாகிவிடும். சேமித்து வைப்பது என்பதே கிடையாது. 2005 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பொருத்தும் எரிவாயு பாய்லர்கள், பெரும்பாலும், புகையில் கலந்து போகும் நீராவியையும் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. காம்பிகளும் அந்த வகைதான்.

கேட்கக் கேட்க, அம்மாவின் கொடி அடுப்பு நினைவுக்கு வந்தது. பெரிய கண்ணில் சோறு, கொடியில் தண்ணீர். ஒரே தீ, இரண்டு வேலை. நமக்கு அறையைச் சூடாக்கும் தேவை இல்லை. ஆனால் ஒரே பெட்டியிலிருந்து குளியலறைக்கும், மீன் கழுவிய பாத்திரம் துலக்கும் தொட்டிக்கும் வெந்நீர் வந்தால் போதும். நம் ஊர் எரிவாயு கீசரும், ரேடியேட்டர் வேலையைக் கழித்துவிட்டால், அதே காம்பிதான்.

அளவில்தான் வித்தியாசம். லண்டனில் குளிர்காலத்துக் குழாய்நீர் 10 டிகிரி என்றால், நிமிடத்துக்கு 12 லிட்டரை 45 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 30 கிலோவாட் வேண்டும். நம் தொட்டித் தண்ணீர் மார்கழியிலும் 25 டிகிரி இருக்கும். நிமிடத்துக்கு 6 லிட்டரை 42 டிகிரிக்குக் கொண்டுவர 7 கிலோவாட் போதும்.

டிசம்பர் 21

பொன்னேரியிலிருந்து பிளம்பர் தம்பி வந்தார். விலைப் பட்டியலை எடுத்தவரிடம், முதலில் தண்ணீரைப் பாருங்கள் என்றேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. பித்தளைக் குழாயின் வாயில் படிந்திருக்கும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்தாலே தெரியும்.

மின்சாரக் கீசரைப் பற்றிப் பேசினோம். அதன் தொட்டிக்குள் சூடான உப்புத்தண்ணீர் நாள் முழுக்கத் தேங்கி நிற்கும். உப்பில் இருக்கும் குளோரைடு துருப்பிடிக்காத எஃகையும் விடாது. ஊசி குத்தியது போல் பள்ளம் பறிக்கும். கண்ணாடிப் பூச்சுத் தொட்டியிலும் பூச்சு விட்ட இடத்தில் துரு ஏறும். அதைத் தடுக்கத்தான் உள்ளே மக்னீசியக் கம்பி வைக்கிறார்கள்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுத் தம்பி சட்டென்று பிடித்துக்கொண்டார். “என்ஜின் காலுக்கு ஜிங்க் கட்டி வைக்கிற மாதிரிதானே சார்? கட்டி கரையும், என்ஜின் பொழைக்கும்.” அதேதான். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிய இந்தக் கரையில், உப்பு இரும்பைத் தின்னும் விதம் யாருக்கும் புதிதல்ல. கட்டி கரைந்ததும் மாற்ற வேண்டும் என்று மீனவருக்குத் தெரியும். கீசர் வாங்குகிறவர்களில் பலருக்கு உள்ளே அப்படி ஒரு கம்பி இருப்பதே தெரியாது. அது கரைந்து முடிந்தபின் தொட்டி கரைகிறது.

புயல் மழை வந்தால் மின்சாரம் நாள்கணக்கில் போவதும் உண்டு. எரிவாயு கீசர் பற்றிக்கொள்ள இரண்டு பேட்டரி செல் போதும். தொட்டியும் கிடையாது, தண்ணீர் ஓடும் செப்புச் சுருள் மட்டும்தான். போர் தண்ணீரைத் தொடாமல், பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரை நிரப்பும் மாடித் தொட்டியோடு இணைப்பது என்று முடிவு செய்தோம்.

டிசம்பர் 27

எங்கே பொருத்துவது? குளியலறைக்குள்ளேயே மாட்டிவிட்டால் குழாய்ச் செலவு குறையும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். கண்டிப்பாக முடியாது என்றேன்.

மூடிய சின்னக் குளியலறைக்குள் எரிவாயு எரிந்தால், அங்குள்ள ஆக்சிஜனைத் தீ தின்றுவிடும். காற்றுக் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். தலை சுற்றும், கால் துவளும். தாழ்ப்பாளைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. இப்படிக் குளிக்கப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிய செய்தி நம் நாட்டில் குளிர்காலந்தோறும் வருகிறது. இளம் தம்பதிகள், பள்ளிப் பிள்ளைகள் என்று படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது. தடுத்திருக்கக்கூடிய சாவுகள் அத்தனையும்.

வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து ஒன்றைச் சொன்னேன். சிலிண்டர் வாயு கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுக்கும். அதற்கென்றே நாற்றப் பொருள் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. “நாத்தம் வரலையே, அப்புறம் என்ன” என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

பிரிட்டனில் 2009 முதல் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே வீட்டு எரிவாயுச் சாதனத்தில் கைவைக்கலாம். எரிவாயு பாய்லர் உள்ள வாடகை வீடுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வைப்பதை இங்கிலாந்து 2022 அக்டோபர் முதல் கட்டாயமாக்கிவிட்டது. நம் ஊரிலும் அப்படி ஒரு கண்டிப்பு வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதுவரை நம் வீட்டைக் காப்பது நம் பொறுப்பு.

ஜனவரி 4

பொருத்தியாகிவிட்டது. கடல் எங்களுக்குக் கிழக்கே. இந்தப் பருவக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அதனால் வீட்டின் மேற்குச் சுவருக்கு வெளியே, தாழ்வாரத்தின் கீழே கீசர். தீயைக் காற்று அணைக்காமலும், உப்புக்காற்று நேராகப் படாமலும் சுவர் மறைக்கிறது. மற்ற மூன்று பக்கமும் திறந்த வெளி.

தண்ணீர் அழுத்தம் போதாவிட்டால் கீசர் பற்றிக்கொள்ளாது. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.1 பார்தான் அழுத்தம் கிடைக்கும். எனவே மாடித் தொட்டிக்கு அடியில் செங்கல் மேடை கட்டி உயர்த்தினார் பிளம்பர் தம்பி. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே சிலிண்டரைக் குழிக்குள் இறக்காமல் மேடான இடத்தில் நிமிர்த்தி வைத்தோம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு நிற ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். தேதியைச் சுவரிலேயே எழுதிவிட்டேன். பக்கத்திலேயே 1906 என்றும் எழுதினேன். எரிவாயுக் கசிவைத் தெரிவிக்கும் அவசர எண் அது.

ஜனவரி 11

அம்மா தானே குழாயைத் திறந்து குளித்துவிட்டு வந்தார். “சுடுதண்ணி நின்னு வருதுப்பா. கண்ணு எரியல” என்றார். அதற்குமேல் எனக்கு வேறு சான்று வேண்டாம்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 40 கிராம் வாயு செலவாகும். 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 350 வாளி. வெப்பத்தைக் கூட்டிவைத்துப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் சூடேற ஏறச் சுண்ணாம்புப் படிவம் வேகமாகப் படியும், செப்புச் சுருளை அடைக்கும். குளிக்கும் சூட்டிலேயே வைத்தால் வாயுவும் மிச்சம், சுருளும் நீடிக்கும். தீ நீலமாக எரிகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். மஞ்சளாகிவிட்டால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் வாழ்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பாய்லரை மாற்றுவதற்கு முன் உங்கள் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். அடுத்து, தீ எரியும் இடத்தில் காற்று வந்து போகிறதா என்று பாருங்கள். விலையைக் கடைசியில் பாருங்கள். எரிவாயு கீசர் எவ்வளவு நல்ல நிறுவனத்துடையதாக இருந்தாலும் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். வெளியே மாட்ட இடமில்லை என்றால் வாங்கவே வேண்டாம். முற்றத்தில் விறகு மூட்டித் தவலையில் காய்ச்சிய தண்ணீரே உங்களுக்கு நல்லது.