நட்டை முறுக்கினால் தீராத கசிவு

ஜனவரி 4

பட்டறைக் கொட்டகையில் நெடுங்காலமாகக் கிடந்த நீராவி எஞ்சினை மாணவர்களுக்கு ஓட்டிக்காட்ட வேண்டும் என்று பாலிடெக்னிக்கில் கேட்டிருந்தார்கள். ஒற்றைச் சிலிண்டர் படுக்கை எஞ்சின். ஒரு காலத்தில் அரிசி ஆலையில் ஓடியதாகச் சொல்கிறார்கள். இன்று குறைந்த அழுத்தத்தில் நீராவி விட்டோம். ஃப்ளைவீல் தயங்காமல் சுற்றியது. ஆனால் சிலிண்டர் மூடியைத் துளைத்துக்கொண்டு பிஸ்டன் ராடு வெளியே வரும் இடத்தில் ஆவி பீறிட்டது.

ஸ்பேனரோடு ஒரு மாணவர் ஓடிவந்தார். "சார், நட்டை டைட் பண்ணிடட்டுமா?"

"பொறுப்பா. முதல்ல சத்தத்தைக் கேளு."

பிஸ்டனின் இரண்டு பக்கமும் ஆவி மாறி மாறித் தள்ளும் எஞ்சின் இது. ராடு உள்ள பக்கத்துக்கு ஆவி வரும்போது பிஸ்டன் பின்வாங்கும். ராடு உள்ளே போகும். அந்தப் பாதிச் சுற்றில் மட்டும் சீறினால் குற்றம் ராடு வரும் வழியில். ராடு வெளியே வரும்போதும் அதே சீறல் இருந்தால், பிஸ்டன் வளையங்களைத் தாண்டியோ வால்வு வழியாகவோ ஆவி நழுவுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இங்கே சுற்றுக்கு ஒரு சீறல்தான். பிஸ்டன் வளையங்கள் தப்பித்தன.

ஜனவரி 6

எஞ்சின் குளிர்ந்தபின் பிரித்தோம். ராடு வெளியே வரும் இடத்தில் மூடியோடு சேர்ந்து வார்க்கப்பட்ட ஒரு குழி இருக்கிறது. அதுதான் ஸ்டஃபிங் பாக்ஸ். குழியின் அடியில் ஒரு பித்தளை புஷ். அதன்மேல் ராடைச் சுற்றி வளையம் வளையமாகப் பேக்கிங். எல்லாவற்றுக்கும் மேல், உள்ளே ஒரு புஷ்ஷோடு தொப்பிபோல் உட்காரும் கிளாண்டு. அதை இரண்டு ஸ்டட்டுகளின் நட்டுகள் உள்ளே அழுத்தும். நீளவாக்கில் அமுங்கும் பேக்கிங் பக்கவாட்டில் பிதுங்கி, உள்ளே ராடையும் வெளியே குழிச் சுவரையும் பிடித்துக்கொள்ளும்.

வெளியே வந்த பேக்கிங் கருங்கல்லாய் இறுகியிருந்தது. அடியில் கிடந்ததை எடுக்காமல் அதன்மேலேயே புதிதைத் திணித்திருக்கிறார்கள். செத்த பேக்கிங்குக்கு மீள்தன்மை கிடையாது. மேலே எவ்வளவு அழுத்தினாலும் அந்த அழுத்தம் அடிவரை போகாது.

பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதனால் தண்ணீரில் நனைத்து, தூசி பறக்காமல் கொக்கியால் இழுத்து, பையில் கட்டி வைத்தோம்.

ஜனவரி 7

இன்று அளவெடுக்கும் நாள். ராடின் இரு முனைகளிலும் மைக்ரோமீட்டர் 38 மி.மீ. காட்டியது; நடுவில் 37.6. பேக்கிங்குக்குள் போய்வருவது நடுப்பகுதி மட்டும்தான். அதுதான் தேயும். தேயாத பகுதிக்கு இறுக்கிவைத்த பேக்கிங் தேய்ந்த பகுதியில் தளரும். தேய்ந்த இடத்துக்கு இறுக்கினால் தடித்த இடம் வரும்போது நெரிபடும். எந்த நட்டாலும் இந்த இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய முடியாது.

கிளாண்டு புஷ்ஷின் தேய்மானமும் வட்டமாக இல்லை. அடிப்பக்கம் மட்டும் தின்னப்பட்டிருக்கிறது. காரணம் கிளாண்டில் இல்லை, அதற்கு வெளியே, பிஸ்டன் ராடின் மறுமுனையைப் பிடித்து வழிப்பட்டைகளில் சறுக்கும் கிராஸ்ஹெட்டில் இருக்கிறது. கனெக்டிங் ராடு சாய்வாகத் தள்ளியிழுப்பதால் கிராஸ்ஹெட்டின் மேல் பக்கவாட்டு விசை விழுகிறது. ஒரே திசையில் சுற்றும் எஞ்சினில், போகும்போதும் வரும்போதும் இந்த விசை ஒரே வழிப்பட்டையின் மேல்தான் விழும். இந்த எஞ்சினில் அது கீழ்ப்பட்டை. வருஷக்கணக்கில் கிராஸ்ஹெட்டின் அடியில் பட்டையோடு உரசும் கீழ்ச் செருப்பு தேய்ந்து, கிராஸ்ஹெட் இறங்கி, ராடையும் கூடவே இறக்கிவிட்டது. பேக்கிங் ராடைத் தாங்கும் தூணாக மாறிப்போனது. அதற்காகச் செய்யப்பட்டதல்ல அது.

ஜனவரி 9

ராடு லேத்துக்குப் போயிருக்கிறது. மாணவர்களோடு பழைய கதை பேசப் பொழுது கிடைத்தது.

1712இல் இங்கிலாந்தில் டட்லி அருகே நின்ற நியூகோமன் எஞ்சினில் இந்தத் தலைவலி இல்லை. சிலிண்டரின் மேற்புறம் திறந்தே இருந்தது. பிஸ்டனின் விளிம்பில் தோல்; அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் நிறுத்தினால் அடைப்பு ஆயிற்று. பிஸ்டனை, மேலே ஏறி இறங்கும் உத்தரத்தோடு சங்கிலி பிணைத்தது. இழுப்பு மட்டும்தான், தள்ளும் வேலையே கிடையாது.

ஜேம்ஸ் வாட்டுக்கு அந்தத் தண்ணீரே பகை. சிலிண்டர் சூடாகவே இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. ஆகவே மேற்புறத்தை மூடினார். மூடியதும் மூடியில் துளை வந்தது. துளை வந்ததும் அடைப்பு தேவைப்பட்டது. ராடைச் சுற்றிப் பேக்கிங் அடைக்கும் முறை சாமுவேல் மோர்லண்டின் தண்ணீர்ப் பம்பில் 1670களிலேயே இருந்தது. அதையே நீராவிக்குக் கொண்டுவந்தார்கள்: விளக்குத்திரிபோல் முறுக்கிய சணல்நார், அதில் ஊறிய மாட்டுக்கொழுப்பு. 1769 காப்புரிமையில் எண்ணெய், மெழுகு, பிசின், விலங்குக் கொழுப்பு, பாதரசம் வரை அடைப்புப் பொருள்களாக அடுக்கியிருக்கிறார் வாட்.

பிஸ்டனை இரு பக்கமும் தள்ளவைத்தது 1782 காப்புரிமை. சங்கிலியால் தள்ள முடியாது; விறைத்த ராடு வேண்டும். ஆனால் உத்தரத்தின் முனை வளைவாக ஏறி இறங்கும். பேக்கிங்குக்குள் ஓடும் ராடோ இம்மியும் விலகக்கூடாது. இந்த முரணைத் தீர்க்கத்தான் 1784இல் வாட், ராடை நேராக ஓடவிட்டபடியே உத்தரத்தோடு பிணைக்கும் இணை இயக்கச் சட்டகத்தைக் கண்டுபிடித்தார். தன் கண்டுபிடிப்புகளில் அதைப்பற்றித்தான் அதிகம் பெருமைப்படுவதாகப் பிற்காலத்தில் மகனுக்கு எழுதினார். பின்னால் வந்த எஞ்சின்களில் அந்த வேலையைக் கிராஸ்ஹெட்டும் வழிப்பட்டையும் ஏற்றன. ராடை நேராக ஓடவைப்பது அன்றே எஞ்சின் செய்வோரின் பெரிய கவலையாக இருந்தது.

ஜனவரி 13

போகி. வேண்டாத சாமான்களோடு பழைய பேக்கிங் பையையும் எரிக்கலாமே என்றார் காவலாளி. தடுத்து, தனியாக எடுத்து வைத்தேன். ஆஸ்பெஸ்டாஸ் நெருப்பில் அழியாது என்பதால்தான் அதை எஞ்சினில் வைத்தார்கள். போகித் தீ அதை ஒன்றும் செய்யாது, நாரைக் காற்றில்தான் பரப்பும்.

ஜனவரி 18

ராடு இன்னும் லேத்தில். நான் குன்னூர் ரயில் நிலையத்தில். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த எக்ஸ் வகை மலை ரயில் எஞ்சினைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த வகையைச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் முதலில் கட்டினார்கள். பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் கட்டினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர்கள். கல்லாறு தாண்டிப் பற்சக்கரப் பாதை தொடங்கியதும், கீழ்ச் சிலிண்டரில் வேலைசெய்த ஆவி மேல் சிலிண்டருக்குப் போய், பற்சக்கரங்களைச் சுழற்றும். ஆக நான்கு பிஸ்டன் ராடுகள், நான்கு அடைப்புகள். வால்வுத் தண்டுகளுக்கு வேறு.

புறப்படும்போது சிலிண்டருக்கு அடியில் மேகமாய்ப் புகைந்தது. "எஞ்சின் லீக் ஆவுதுங்க" என்றார் பக்கத்தில் படம் பிடித்தவர். அது கசிவல்ல. குளிர்ந்த சிலிண்டரில் ஆவி தண்ணீராகும், தண்ணீர் அமுங்காது, வெளியேற்றாவிட்டால் பிஸ்டன் மோதி மூடியையே உடைத்துவிடும். அதற்காக டிரைவர் திறந்துவிடும் வடிகுழாய் அது. கிளாண்டு கசிந்தால் ஆவி ராடை ஒட்டியே வரும். ராடின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போகும். டிரைவரின் பார்வையையும் மறைக்கும்.

ஜனவரி 20

ரயில் எஞ்சினில் ஏன் சணல் நிலைக்கவில்லை என்று ஒரு மாணவி கேட்டார். வெப்பம்தான் காரணம். 1898 முதல் பிரஷ்யாவில் வில்ஹெல்ம் ஷ்மித்தின் முறையில் ஆவியைக் கொதிகலனுக்கு அப்பாலும் சூடாக்கத் தொடங்கினார்கள். 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஆவியில் நார் கருகும். கொழுப்பு சிதைந்து அமிலமாகி ராடையே அரிக்கும். எனவே தாது எண்ணெயும் உலோகப் பேக்கிங்கும் முக்கியமாயின.

உலோகப் பேக்கிங் துண்டு துண்டான வளையம். வெள்ளீயம், ஈயம், ஆன்டிமனி கலந்த வெண்ணுலோகத்தில் செய்வார்கள். சூடு மிகுந்த இடத்தில் வார்ப்பிரும்பு அல்லது வெண்கலம். துண்டுகளைச் சுற்றி ஒரு ஸ்பிரிங் வளைத்துப் பிடிக்கும். தேயத் தேயத் துண்டுகள் உள்வாங்கி ராடை விடாமல் ஒட்டும். ஒரு வளையத்தின் இணைப்பை அடுத்த வளையம் மறைக்கும். இந்த அமைப்பு குழிக்குள் பக்கவாட்டில் கொஞ்சம் நகர இடம் விட்டிருப்பார்கள். ராடு சற்றே விலகினாலும் வளையங்கள் கூடவே போகும். அங்கே நட்டின் இறுக்கத்துக்கு வேலையே இல்லை.

வெளியே தெரியாத கசிவு ஒன்றும் உண்டு. கண்டென்சர் வைத்த எஞ்சினின் தாழ்வழுத்தச் சிலிண்டரில் உள்ளே வெற்றிடம்; ஆவி வெளியே வராது, காற்று உள்ளே போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வெற்றிடமானியின் முள்தான் இறங்கும். கிளாண்டருகே மெழுகுவர்த்தி காட்டினால் சுடர் உள்நோக்கிச் சாயும். அடைப்புக்குள் கொஞ்சம் ஆவியைச் செலுத்தி வைத்தால் காற்றுக்குப் பதில் ஆவி உள்ளே போகும். ஆவி கண்டென்சரில் தண்ணீராகிவிடும், காற்று ஆகாது.

ஜனவரி 24

ராடைக் கடைந்து, தேய்த்து மெருகேற்றி, முழு நீளமும் 37.5 மி.மீ. ஆக்கித் தந்தார்கள். அதே அளவுக்குப் புதிய புஷ்கள். கிராஸ்ஹெட்டுக்கும் கீழ்ச் செருப்புக்கும் இடையில் தகடு வைத்துப் பழைய உயரத்துக்குத் தூக்கினோம். ராடு குழியின் நட்டநடுவில் ஓடுகிறதா என்று நாலு பக்கமும் இடைவெளி பார்த்த பிறகே பேக்கிங்கைத் தொட்டோம்.

குழியின் விட்டம் 54 மி.மீ. அதில் ராடின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் 8.25. எட்டு மி.மீ. கிராஃபைட் பேக்கிங் போதும்; மீதியை அது அமுங்கி நிரப்பும். பேக்கிங்கை ராடின் விட்டமே உள்ள மரத்தண்டில் சுற்றி, சாய்வாக வெட்டி, ஒவ்வொரு வளையமாக உள்ளே அனுப்பினோம். ஒன்றின் வெட்டு இன்னொன்றின் வெட்டுக்கு நேரே வராதபடி திருப்பி வைத்தோம். கிளாண்டு கோணாமல் உட்கார்ந்ததும் நட்டுகளை விரலால் மட்டும் இறுக்கினோம்.

ஜனவரி 25

எஞ்சின் ஓடியது. தொடக்கத்தில் கொஞ்சம் கசிந்தது, விட்டுவிட்டோம். சூடேறிப் பேக்கிங் படிந்தபின் இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றி, ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம் அளவே திருப்பினோம். சீறல் நின்றது; ராடில் மெல்லிய ஈரப்பளபளப்பு மட்டும் மிஞ்சியது. அதோடு ஸ்பேனரைக் கீழே வைக்கச் சொன்னேன். அந்த ஈரமும் போகுமளவு இறுக்கினால் எண்ணெய் வற்றி, ராடு சூடேறி, பேக்கிங் கருகி, கோடு விழுந்த ராடு முன்னைவிட அதிகம் கசியும். கிணற்றுப் பம்புசெட் வைத்திருக்கும் விவசாயிக்கு இது தெரிந்த விஷயம்: கிளாண்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழவேண்டும், அடியோடு நிறுத்தினால் ஷாஃப்ட் போய்விடும்.

மாணவர்கள் தங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட வரிசை இது: முதலில் சத்தம் கேள். அடுத்து ராடை அள. அதன்பின் கிராஸ்ஹெட்டையும் வழிப்பட்டையையும் பார். பிறகு பேக்கிங்கை முழுவதும் மாற்று. நட்டுக்குக் கடைசி இடம்தான். பட்டறையில் கசியும் கிளாண்டோடு நிற்கும் எவரும் இந்த வரிசையை மாற்றவேண்டாம்.