தொண்ணூறு நாள் கணக்கு

போன வாரம் நல்லூர் தபால் ஆபீசில் பென்ஷன்கார நண்பர் ஒருவர் கேட்டார்: "பொண்ணைப் பார்க்க பாரிஸ் போறோம் சார். விசாவை அங்கே போய் நீட்டிச்சுக்கலாமாமே?" அவருக்குச் சொன்னதை இங்கே எழுதியும் வைக்கிறேன்.

2018 ஏப்ரல் 3 அன்று நானும் மனைவியும் மகளின் பிரசவத்துக்காக பாரிஸில் போய் இறங்கினோம். மாப்பிள்ளை அவர்கள் ஊர் மேரியில் வரவேற்புச் சான்றிதழ் வாங்கி அனுப்பியிருந்தார். (புதுச்சேரிக்காரர்களுக்கு மேரி கட்டடத்தை விளக்க வேண்டியதில்லை. நகராட்சி அலுவலகம்தான்.) விசா ஒரு வருஷத்துக்குச் செல்லும் என்று போட்டிருந்தது. பலர் ஏமாறுவது இங்கேதான். விசா எத்தனை நாள் செல்லும் என்பது வேறு, எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தி. ஆக, எங்கள் கடைசி நாள் ஜூலை 1.

ஜூன் 11ல் பேரன் பிறந்தான். ஆபரேஷன். மகள் ரொம்பவும் தளர்ந்து போனாள். இருபது நாள் குழந்தையை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது என்று மனைவி அழுதாள்.

யோசனைகள் வந்தன. "ஒரு வாரம் லண்டன் போயிட்டு வாங்க மாமா, கணக்கு புதுசா ஆரம்பிக்கும்" என்றார் மாப்பிள்ளையின் நண்பர். ஆரம்பிக்காது. வெளியே இருக்கும் நாள் கணக்கில் ஏறாது, அவ்வளவுதான். பழைய நாட்கள் அழியாது. லண்டனுக்குத் தனி விசாவும் வேண்டும். "பேசாம இருந்துடுங்க, யார் பார்க்கப் போறாங்க" என்றார் இன்னொருவர். கிளம்பும்போது விமான நிலையத்தில் முத்திரையைப் பார்ப்பார்களே! அப்புறம் அடுத்த விசா கிடைப்பது கஷ்டம்.

முறைப்படி நீட்டிக்க வழி உண்டு. நாள் முடிவதற்குள் பிரெபெக்சூரில் விண்ணப்பிக்க வேண்டும். தவிர்க்க முடியாத இடர், மனிதாபிமானக் காரணம், கடுமையான சொந்தக் காரணம் இருந்தால்தான் கேட்பார்கள். பேரன் மேல் ஆசை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பள்ளியில் படித்த பிரெஞ்சை வைத்து நானே ஒரு விண்ணப்பம் எழுதினேன். மகளின் டாக்டரிடம் சான்றிதழ் கேட்டோம். "நன்றாகத் தேறி வருகிறார்" என்று எழுதிக் கொடுத்தார். உண்மையைத்தான் எழுதினார். விண்ணப்பத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி மனைவி கேட்டாள்: "ஏங்க, உங்க அப்பா அன்னிக்கு ஒரு கையெழுத்து போட்டிருந்தா இந்த நாள் கணக்கெல்லாம் நமக்கு உண்டா?"

1962 ஆகஸ்ட் 16ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் தெருவில் சிலர் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா போடவில்லை. "நம்ம ஊர்லதானே இருக்கோம்" என்றார். நானும் இங்கேயே குமாஸ்தாவாகி, ஆயிரம் பேரின் விண்ணப்பத்தில் "கெடு முடிந்தது" என்று குறிப்பு எழுதியவன். எனக்கு மட்டும் கெடு இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

ஜூன் 30 அன்று கிளம்பினோம். சென்னையில் இறங்கி திண்டிவனம் தாண்டும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

ஊருக்கு வந்ததும் காலண்டரில் செப்டம்பர் 30ஐ வட்டம் போட்டேன். அன்று 180 நாள் தாண்டிவிடும். பல தடவை போய்வரும் விசாவாக இருந்ததால் அதே விசாவில் மறுபடி போனோம். ஆனால் அதற்குப் பத்து நாள் முன்னால் பேரன் குப்புற விழுந்துவிட்டான். செல்போனில்தான் பார்த்தோம். டிசம்பரில் முதல் பல் முளைத்தபோது பக்கத்தில் இருந்தோம். மனைவி பல் கொழுக்கட்டை செய்து அவன் தலையில் கொட்டினாள்.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: 90 நாளுக்கு மேல் தங்க வேண்டுமானால், கிளம்புவதற்கு முன்னாலேயே இங்கிருந்து நீண்டகாலப் பார்வையாளர் விசா கேளுங்கள். பென்ஷன் வருமானத்தைக் காட்டி, அங்கே வேலை பார்ப்பதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதியத் தொடங்கிவிட்டார்கள். நாளைக் கம்ப்யூட்டரே எண்ணிவிடும்.

பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவன் குப்புற விழுந்ததைப் பார்க்கவில்லை என்று மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். நான் பதில் சொல்வதில்லை.