மூன்றெழுத்துப் படமும் நாற்பதாயிரம் படங்களும்



சென்ற பள்ளி விடுமுறையில் என் மகள் எனக்கொரு கணக்குப் பாடம் நடத்தினாள். எஸ்பிஎம் தேர்வு முடிந்த பின் எந்தக் கல்லூரியில் சேரலாம், எவ்வளவு செலவாகும் என்று இருவரும் தாளும் பேனாவுமாக அமர்ந்திருந்தோம். தேசியக் கல்விச் சேமிப்புத் திட்டத்தில் அவள் பெயரில் மாதம் நூறு ரிங்கிட் போட்டு வந்தேன்; இடையில் நிறுத்திவிட்டேன். "கை இறுக்கமாக இருந்தது" என்று காரணம் சொன்னேன். அவள் மறுத்துப் பேசவில்லை. என் வங்கி அட்டையின் கணக்கறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகக் கூட்டத் தொடங்கினாள்.

வடிவமைப்புத் தளம் ஒன்றுக்கு மாதம் 45 ரிங்கிட். படங்கள் விற்கும் தளம் ஒன்றுக்கு மாதம் 62 ரிங்கிட். வாங்கிய படங்களைச் சேமித்து வைக்கும் இடத்திற்கு மாதம் 10 ரிங்கிட். இவை போக, 'இன்று மட்டும் தள்ளுபடி' என்று வந்த தூரிகைத் தொகுப்பு, எழுத்துருத் தொகுப்பு, பயிற்சித்தாள் சட்டங்கள் என்று ஓராண்டில் பதினேழு முறை வாங்கியவை 712 ரிங்கிட். ஆக மொத்தம் ஓராண்டுக்கு 2,116 ரிங்கிட்.

"நூறு வெள்ளி போட முடியலேன்னு சொன்னீங்களே அம்மா..." என்றாள். அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கணினி என்ற பொருள் என் வாழ்வில் நுழைந்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். குற்ற ஒப்புதல் என்று கொண்டாலும் சரி, பழங்கதை என்று கொண்டாலும் சரி.

அது 1987-ஆம் ஆண்டு. குளுவாங்கிற்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் லயத்து வீடு எங்களுடையது. அம்மா பால்மரம் வெட்டினார். ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலைக்குச் சென்றிருந்த அண்ணன், ஒரு தீபாவளிக்கு வரும்போது துணிமணிகளோடு ஒரு பெட்டியையும் தூக்கிவந்தார். பழையதாக வாங்கிய கொமடோர் 64. விசைப்பலகையும் கணினியும் ஒரே உடல். அதற்கென்று தனித் திரை கிடையாது. தொலைக்காட்சியில் இணைக்க வேண்டும். எழுதிய நிரலைச் சேமிக்க ஒலிநாடாப் பெட்டி. 1982-இல் வெளிவந்த அந்தக் கணினி பதினாறு நிறங்கள் காட்டும் என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியோ கறுப்பு வெள்ளை. பதினாறு நிறங்களும் வெறும் சாம்பலாகத் தெரிந்தன. அதையே நாங்கள் வாய்பிளந்து பார்த்தோம்.

தோட்டத்து மின்னாக்கியை இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்குள் ஒலிநாடாவில் பதிந்துவிட வேண்டும். மறந்தால் அன்றைய உழைப்பெல்லாம் இருளோடு போய்விடும். பலமுறை போயிருக்கிறது.

விளையாட்டு நாடாக்கள் வாங்கக் காசில்லை. ஆகவே கணினியோடு வந்த கையேடுதான் கதி. அதில் ஓர் எழுத்தின் வடிவை நாமே மாற்றியமைக்கலாம் என்ற செய்தியைக் கண்டுபிடித்தது என் பன்னிரண்டு வயது வாழ்வின் பெரிய நிகழ்ச்சி. ஓர் எழுத்து என்பது எட்டுக்கு எட்டுக் கட்டம். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண். இடமிருந்து வலமாகக் கட்டங்களின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. எந்தக் கட்டத்தில் ஒளி வேண்டுமோ அதன் மதிப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எட்டு வரிசைக்கு எட்டு எண்கள், அவ்வளவே.

கணக்குப் புத்தகத்தின் கட்டத்தாளில் தமிழ் எழுத்துகளை வரைந்து பார்த்தேன். 'ட' மிக எளிது. இடப்பக்கம் ஒரு கோடு, கீழே ஒரு கோடு. 192 என்று ஆறு முறை, பிறகு 254, கடைசியில் 0. 'ப' அதன் தங்கை: 198 என்று ஆறு முறை, பிறகு 254, கடைசியில் 0. 'ம' சற்றே அடம்பிடித்தது. வலப்புற வளைவு கோணிக்கொண்டது. மெய்யாக்கப் புள்ளி வைக்க மேல்வரிசையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 'ண' அந்தக் கட்டத்திற்குள் அடங்கவே இல்லை, 'ஐ'யும் அப்படித்தான். அடங்கிய எழுத்துகளைக் கொண்டு ஒரு சொல் எழுத முயன்றபோது கிடைத்தது 'படம்'. எங்கள் வீட்டுத் திரையில் தோன்றிய முதல் தமிழ்ச்சொல் அதுவே. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

அடுத்து உண்மையாகவே ஒரு படம் வரைய ஆசை வந்தது. இருபத்து நான்குக்கு இருபத்தொன்று கட்டத்தில், 504 புள்ளிகளால் ஓர் உருவம் செய்து திரையில் நகர்த்தலாம். கையேட்டில் எடுத்துக்காட்டாக ஒரு வெப்பக்காற்றுப் பலூன் இருந்தது. நான் பலூனைக் கண்டதில்லை. பால்மரத்தைத்தான் தினமும் கண்டேன். ஆகவே மரம் வரைந்தேன். தண்டு, வெட்டு, கீழே மங்கு. அறுபத்து மூன்று எண்களையும் தட்டி முடித்து அம்மாவை அழைத்தேன்.

அம்மா நெடுநேரம் பார்த்தார். "மரம் சரிதான் பாப்பா. வெட்டு தப்பு. இடப்பக்கம் ஒசந்து வலப்பக்கம் தாழணும். நீ மாத்திப் போட்டிருக்கே" என்றார்.

மறுநாள் காலையில் அவரோடு மரக்காட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னபடியே இருந்தது. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நில்லாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலேறுகின்றன; இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் வெட்டே அதிகக் குழாய்களைத் திறக்கும் என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆயினும் மரத்தை நான் முதன்முதலாகக் கூர்ந்து பார்த்தது அந்தக் காலையில்தான். பன்னிரண்டு ஆண்டுகள் அதன் நிழலிலேயே வாழ்ந்திருந்தும்.

இனி, காசு கொடுத்துப் படம் வாங்கிய கதைக்கு வருவோம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் ஆசிரியையாகிப் பணியில் சேர்ந்தபோது, பள்ளி அலுவலகத்தில் ஒரு கணினி இருந்தது. அதற்கு முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் தட்டச்சுப் பொறியில் ஸ்டென்சில் வெட்டித் தேர்வுத்தாள் தயாரித்தவர்கள். எங்களுக்கோ முரசு அஞ்சல் கிடைத்தது. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சி அது. எட்டுக் கட்டத்திற்குள் 'ண'வை அடைக்க முடியாமல் நான் கைவிட்ட வேலையை ஒருவர் விடாமல் செய்து முடித்திருந்தார். இன்று ஆப்பிள் கணினிகளில் உள்ள 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருவின் பெயரில் நிற்கும் 'எம்என்' அவருடைய பெயரின் முதலெழுத்துகளே.

எழுத்துக் கவலை தீர்ந்தது. படத்தின் மீது ஆசை வந்தது. அக்காலத்தில் ஜொகூர் பாருவின் இரவுச் சந்தைகளில் வறுத்த மீயின் மணத்தோடு ஒளிவட்டுகளும் விற்பனையாகும். ஒரு வட்டில் பல்லாயிரம் படங்கள். நானும் வாங்கினேன். அவை திருட்டுப் படிகள் என்பது தெரியும், தெரிந்தே வாங்கினேன். 2000-இல் ஒளிவட்டுச் சட்டம் இயற்றப்பட்ட பிறகே அது பிறர் உழைப்பைத் திருடுவது என்று மனத்தில் உறைக்கத் தொடங்கியது. அந்த வட்டுகளில் பனிமனிதன் இருந்தான். பைன் மரம் இருந்தது. எங்கள் பள்ளித் தீபாவளி வாழ்த்து அட்டையில் குத்துவிளக்குக்குப் பதிலாக மெழுகுவத்தி எரிந்தது. அட்டை கண்ணுக்கு அழகாக இருந்ததால் ஒருவரும் குறை சொல்லவில்லை.

பின்னர் 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. வகுப்பறை கைப்பேசித் திரைக்குள் சுருங்கியது. மாணவர்களின் முகம் தெரியவில்லை. படம் அழகாக இருந்தால் இணைப்பில் இருப்பார்கள், இல்லையேல் போய்விடுவார்கள் என்ற அச்சம் என்னைப் பிடித்துக்கொண்டது. நண்பர்களில் பலருக்கும் அந்த அச்சம் இருந்திருக்கும். முதலில் ஐந்து டாலர். ஐந்துதானே என்று வாங்கினால் ரிங்கிட்டில் இருபதைத் தாண்டும். அடுத்து மாதச் சந்தா. பள்ளிகள் மீண்டும் திறந்தன. சந்தாக்கள் மட்டும் நிற்கவில்லை. நிறுத்த வேண்டும் என்ற நினைவே எனக்கு எழவில்லை.

இதில் ஒரு நுட்பமான ஏமாற்று உண்டு. ஏமாற்றியவர் வேறு யாருமல்லர், நானேதான். இரவு பதினொரு மணிக்கு அழகான படத்தொகுப்பு ஒன்றை வாங்கிப் பதிவிறக்கியதும், நாளைய பாடத்திற்கு ஆயத்தம் செய்துவிட்ட நிறைவு வந்துவிடும். உண்மையில் பாடத்தைப் பற்றி ஒரு நொடியும் சிந்தித்திருக்க மாட்டேன். களைத்த ஆசிரியருக்கு அந்தப் பொய் நிறைவு மிகவும் தேவைப்படுகிறது. அதற்குத்தான் நான் காசு கொடுத்து வந்தேன்.

என் சேமிப்பில் இருந்த படக்கோப்புகள் நாற்பதாயிரத்திற்கு மேல் என்று மகள் எண்ணிச் சொன்னாள். பாடத்தில் பயன்படுத்தியவற்றையும் எண்ணிப் பார்த்தோம். இருநூற்றுச் சொச்சம்.

அந்த நாற்பதாயிரத்தில் ரப்பர் மரம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது, திறந்து பார்த்தால் பூந்தொட்டியில் நிற்கும் தடித்த இலைச் செடி. ஆங்கிலத்தில் 'ரப்பர்ச் செடி' என்று வழங்கும் அலங்காரச் செடி அது, ஆலமரத்தின் இனம். பால் வெட்டும் மரமோ வேறு குடும்பம். மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 5,900 ரிங்கிட் கொடுத்தும் என் அம்மா வெட்டிய மரத்தின் படம் என்னிடம் இல்லை. 1987-இல் காசே கொடுக்காமல் 504 புள்ளிகளில் அது இருந்தது.

பழைய காலமே பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பத்து மணிக்கு மின்சாரம் நின்ற காலத்திற்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை. ஓவியருக்குப் பணம் கொடுப்பதும் தவறன்று; கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், பயன்படுத்தாத படங்களுக்குக் கொடுத்த பணம் என் மகளின் சேமிப்பிலிருந்து போயிருக்கிறது. மூன்று சந்தாக்களையும் நிறுத்தினேன். சேமிப்புத் திட்டத்தில் மாதம் நூற்றைம்பதாகப் போடத் தொடங்கியிருக்கிறேன். போனது போனதுதான், எஞ்சிய மாதங்களில் அதை ஈடுகட்ட இயலாது. இதை அவளிடம் நேராகவே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

என்னைப்போல் இருப்பவர்களுக்குச் சில செய்திகள். கேன்வா தளத்தின் கல்விப் பதிப்பு, பள்ளி ஆசிரியர்களுக்கு இலவசம். நோட்டோ, கட்டமரன் போன்ற தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. விக்கிமீடியா பொதுவகத்தில் உண்மையான ரப்பர் மரத்தின் நிழற்படங்கள், வெட்டும் பாலுமாக, இருக்கின்றன; உரிமக் குறிப்பைப் படித்து அதன்படி பயன்படுத்தலாம். பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளின் கைப்பேசியில் வண்ணந்தீட்டும் செயலிகளுக்கு மாதந்தோறும் பணம் போகிறதா என்று ஒருமுறை பாருங்கள். சிறுசிறு தொகைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, கூட்டினால்தான் தெரியும்.

விடுமுறை முடிந்த முதல் வாரம், ஆண்டு நான்கு மாணவர்களுக்கு இருபத்து நான்குக்கு இருபத்தொன்று கட்டம் போட்ட தாளைக் கொடுத்தேன். "உங்கள் குடும்பத்தார் செய்த ஒரு வேலையை இதில் வரைந்து வாருங்கள். கட்டத்தை நிரப்பலாம், அல்லது விடலாம். பாதிக் கட்டம் கூடாது" என்றேன். இன்று எங்கள் பள்ளியைச் சுற்றிலும் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளுமே. பால்மரத்தை நேரில் கண்ட மாணவர் மிகச் சிலர். லாரி வந்தது, தையல் இயந்திரம் வந்தது, சிங்கப்பூருக்குப் போகும் மோட்டார் சைக்கிள் நான்கு வந்தன.

ஒரு சிறுமி மட்டும் வெறுந்தாளைக் கொண்டுவந்தாள். "பாட்டி மரம் வெட்டினாங்களாம் டீச்சர். எப்படி இருக்கும்னு தெரியல. பாட்டி தைப்பிங்கில இருக்காங்க" என்றாள்.

"கேட்டுக்கொண்டு வா" என்றேன்.

மூன்று நாள் கழித்து அழித்து அழித்துக் கிழிந்த ஒரு தாளோடு வந்தாள். நாள்தோறும் மாலையில் பாட்டியோடு தொலைபேசியில் பேசினாளாம். மரமும் மங்கும் இருந்தன. மங்கைத் தாங்கும் கம்பி வளையமும் இருந்தது. அதை நான் 1987-இல் வரைய மறந்திருந்தேன்.